ஒரே மெட்டு, வாத்தியம் மாறினால் உணர்ச்சி ஏன் மாறுகிறது?

மெட்டுக்கட்டி கேட்டது:

வணக்கம். நடபைரவி (மேற்கத்திய மைனர்) சுரங்களில் ஒரு மெட்டு. நாலு தட்டு வீதம் 8 பார், வேகம் 72 பிபிஎம் (நிமிடத்துக்கு 72 தட்டு). கீபோர்டில் சுரம், வேகம், சத்தம் எதையும் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றிப் பார்த்தால் கிடைப்பது இது: பியானோவில் ஏக்கம். புல்லாங்குழலில் தனிமை கலந்த அமைதி. செல்லோவில் கனமான துயரம். டிரம்பெட்டில் ஏதோ முக்கிய அறிவிப்பு வரப்போகிற மாதிரி விறைப்பு. மாண்டலினில் மட்டும் சோகத்தையே காணோம், துள்ளுகிறது.

என் கேள்விகள்:

வாத்தியத்துக்கென்றே ஓர் உணர்ச்சி உண்டா? மைனர் என்றால் சோகம் என்கிறார்கள், அப்படியானால் அதே சின்ன காந்தாரம் இருக்கும் கரகரப்பிரியா ஏன் அழுவதில்லை? 90 நொடிக் காட்சி ஒன்று: கடிதம் பிரித்துப் படிக்கிறார்கள், முதலில் நம்பிக்கை, நடுவில் செய்தி, பிறகு இழப்பு. எதை எங்கே வைப்பது? கடைசியாக, சுருதியை வழக்கமான 440 ஹெர்ட்ஸிலிருந்து 432க்கு இறக்கினால் மனசு அமைதியாகும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?

செவிநுட்பம்:

மாண்டலினில் தொடங்குவோம். உங்கள் கேள்விக்கான பாதி விடை அங்கேயே இருக்கிறது.

72 பிபிஎம்மில் ஒரு தட்டு 0.83 நொடி. இரண்டு தட்டு நீளும் சுரம் 1.67 நொடி நிற்க வேண்டும். மீட்டிய மாண்டலின் தந்தி, அதுவும் மேல் ஸ்தாயியில், அதற்கு முன்பே பெருமளவு அடங்கிவிடும். மீதி நேரம் வெறுமை. நீங்கள் எழுதியது நீண்ட சுரம், காதில் விழுவது தொட்டுவிட்டு விட்ட சுரம். 1996இல் கேப்ரியல்சனும் யூஸ்லினும் வெளியிட்ட ஆய்வில், ஒரே மெட்டை மகிழ்ச்சியாக, சோகமாக, கோபமாக வாசிக்கும்படி கலைஞர்களிடம் கேட்டார்கள். மகிழ்ச்சி என்றதும் வேகத்தோடு சுரங்களையும் நறுக்கினார்கள். சோகம் என்றதும் மெதுவாக, மெல்லிய சத்தத்தில், ஒன்றோடொன்று இழைத்து வாசித்தார்கள். மாண்டலின் உங்களைக் கேட்காமலே நறுக்கிவிடுகிறது, அவ்வளவுதான். அதே தந்தியில் ட்ரெமொலோ போட்டு, நொடிக்கு 10 முதல் 12 முறை மீட்டிப் பாருங்கள், துள்ளல் மறைந்துவிடும்.

அடுத்தது ஒலியின் தொடக்கம், கீபோர்டுக்காரர்கள் அட்டாக் என்பது. பியானோவில் சுத்தியல் பட்ட சில மில்லிநொடிகளில் ஒலி உச்சத்துக்குப் போய்விடும். அதன்பின் இறங்குமுகம் மட்டுமே, வாசிப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. வில்லும் மூச்சும் அப்படியல்ல. மெல்லத் தொடங்கலாம், நடுவில் பெருக்கலாம், வழுக்கி இறங்கலாம், கடைசியில் நடுங்கவிடலாம். அழுகிற குரலும் இதையெல்லாம்தான் செய்கிறது. செல்லோவும் வயலினும் துயரத்துக்கு ஒத்துப்போவதற்கு இதைவிடப் பெரிய மர்மம் இல்லை.

டிரம்பெட் விஷயத்தில் உங்கள் கைதான் குற்றவாளி. பித்தளை வாத்தியத்தைப் பலமாக ஊதினால் சத்தம் கூடுவதோடு மேற்சுரங்களும் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் அதிர்வுகள்) பெருகி ஒலி மினுங்கும். மெல்ல ஊதினால் அவை கிட்டத்தட்டக் காணாமல் போய் ஒலி வட்டமாகிவிடும். நீங்கள் பலமாக ஊதிய சாம்பிளை (பதிவு செய்த ஒலியை) ஃபேடரில், அதாவது சத்த அளவை மட்டும் குறைத்து, இறக்கியிருப்பீர்கள். அது தூரத்தில் கத்துகிறவன் மாதிரி, குரல் சின்னதாகும், கத்தல் போகாது. வெலாசிட்டியை (கட்டையை அடிக்கும் பலத்தை) 40-50க்குக் கொண்டுவந்து, உயர் ஒலிகளை வடிகட்டும் ஃபில்டரை 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மூடி, பிறகு சத்தத்தை ஏற்றுங்கள். விறைப்பு போய் ஒரு தனிமை வரும்.

செல்லோவுக்கு மாற்றியபோது மெட்டை ஒரு ஸ்தாயி இறக்கினீர்களா? இறக்கியிருந்தால் ‘சுரத்தைத் தொடவில்லை’ என்ற கணக்கு தப்பு. தாழ்ந்த ஸ்தாயி தானாகவே கனத்தைக் கொண்டுவரும். புல்லாங்குழலும் அப்படியே: மேற்கத்தியக் குழலின் முதல் ஸ்தாயி, சுமார் 262 முதல் 494 ஹெர்ட்ஸ் வரை, காற்று கலந்து மங்கலாக இருக்கும். 1,046 ஹெர்ட்ஸைத் தாண்டிய மூன்றாம் ஸ்தாயி கீச்சென்று குத்தும். அமைதியான வாத்தியம் என்று குழலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கீழ்ப் பாதி.

அதற்காக வாத்தியத்தின் ஒலிநிறத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2009இல் புதிதாக எழுதிய மெட்டுகளை பியானோ, வயலின், டிரம்பெட், சிந்தசைசர் நான்கிலும் வாசித்துக்காட்டியபோது, கேட்டவர்கள் சொன்ன உணர்ச்சி வாத்தியத்தைப் பொறுத்து நகர்ந்தது. ஆனால் வாத்தியத்தை ஓர் உணர்ச்சியின் பெயராக நினைத்தால் சறுக்குவீர்கள். எதைச் சுலபமாகச் செய்யவிடுகிறது, எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்று பாருங்கள்.

அச்சம் வேண்டுமென்றால் ஒரு சின்ன கணக்கு. 523, 554 ஹெர்ட்ஸ் சுரங்கள் இரண்டையும் சேர்த்து ஒலித்தால் வித்தியாசம் 31. நொடிக்கு அத்தனை முறை ஒலி அதிர்வதைக் காது சொரசொரப்பாக உணரும். மனிதர்களின் அலறலில் 30 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலான இந்த அதிர்வு நிறைய உண்டு என்பது 2015 ஆய்வொன்றில் தெரிந்தது. அதே அரைச்சுர ஜோடியை (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை) இரண்டு ஸ்தாயி கீழே கொண்டுபோனால் அடிச்சுரங்களின் வித்தியாசம் 8 ஆகிவிடும். அலறல் போய் உறுமல் வரும். அச்சத்துக்கு இரண்டும் உதவும், ஆனால் இரண்டும் வேறு வேறு அச்சம்.

சுரவரிசை:

மைனர்-சோகம் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

1930களில் உளவியலாளர் கேட் ஹெவ்னர் இசையின் கூறுகளை ஒவ்வொன்றாக மாற்றிச் சோதித்ததிலிருந்து மேஜர்-மைனர் வேறுபாட்டுக்கு உணர்ச்சியில் பங்கு உண்டு என்பது தெரியும். ஆனால் அது முதல் ஆள் இல்லை, வேகம்தான் முதல் ஆள். 2001 ஆய்வொன்றில் 5 வயதுக் குழந்தைகள் வேகத்தை வைத்து மட்டுமே மகிழ்ச்சி, சோகம் என்று பிரித்தார்கள். மேஜரா மைனரா என்பதையும் கணக்கில் எடுத்தது 6 முதல் 8 வயதுக்காரர்கள். உங்கள் மெட்டையே 132 பிபிஎம்மில், ஒவ்வொரு சுரத்தையும் பாதி நீளத்துக்கு வெட்டி வாசியுங்கள். மைனர் மைனராகவே இருக்கும், சோகம் இருக்காது.

இப்போது கரகரப்பிரியா. நடபைரவிக்கும் இதற்கும் ஒரே ஒரு சுரம்தான் வேறு: அங்கே சுத்த தைவதம், இங்கே சதுச்ருதி தைவதம். நடபைரவியில் தைவதத்திலிருந்து பஞ்சமத்துக்கு இறங்குவது அரைச்சுரம். மேலிருந்து ஒட்டிக்கொண்டு சாய்கிற அந்த இறக்கம் பெருமூச்சு மாதிரி விழும். கரகரப்பிரியாவில் அதே இடம் முழுச்சுரம், சாய்வதற்குப் பதில் படி இறங்குகிறது. அதோடு அங்கே காந்தாரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை, கமகத்தில் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். கீபோர்டில் அசையாத காந்தாரமாக வாசித்துவிட்டு ‘ராகம் அழவில்லை’ என்றோ ‘அழுகிறது’ என்றோ தீர்ப்பு சொல்வது ராகத்துக்குச் செய்கிற அநியாயம்.

அரைச்சுரங்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்கப் பழகினால் பாதி புரிந்துவிடும். சுபபந்துவராளியில் ஷட்ஜத்துக்கு இரண்டு பக்கமும் அரைச்சுரம்: கீழே காகலி நிஷாதம், மேலே சுத்த ரிஷபம். பஞ்சமத்துக்கும் அப்படியே: கீழே பிரதி மத்தியமம், மேலே சுத்த தைவதம். நிலையான சுரங்கள் இரண்டும் நெருக்கப்படுகின்றன. அதைக் கருணைக்கும் தவிப்புக்கும் எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. மோகனத்தில் அரைச்சுரமே கிடையாது. இழுபறி வேண்டிய காட்சிக்கு மோகனத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள்.

இதில் எவ்வளவு பிறவியிலேயே வருகிறது, எவ்வளவு பழக்கம்? இரண்டும்தான். மேற்கத்திய இசையைக் கேட்டே பழகாத கேமரூனின் மாஃபா மக்கள், பியானோத் துண்டுகளில் மகிழ்ச்சி, சோகம், அச்சம் மூன்றையும் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாக அடையாளம் கண்டார்கள் (2009). ஆனால் பொலிவியாவின் சிமானே மக்களுக்கு இயைந்த சுரக்கூட்டும் இயையாத சுரக்கூட்டும் ஒரே அளவு இனிமையாகப் பட்டன (2016). வேகம், சத்தம், ஏற்ற இறக்கம் ஆகியவை மொழி தாண்டிப் போகும். ‘இந்தக் கூட்டு இனிமை’ என்பது கேட்டுக் கேட்டு வந்தது. நம் தொல்காப்பியம் யாழையும் பறையையும் நிலத்துக்குரிய கருப்பொருள் பட்டியலில் வைத்ததும், நெய்தலின் இரங்கலுக்கு விளரிப் பண் என்று மரபு வகுத்ததும் இந்தப் பழக்கத்தின் வலிமை தெரிந்துதான் என்பது என் எண்ணம்.

இன்ன ராகம் இன்ன நோய்க்கு என்று சுற்றிவரும் பட்டியல்களை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

கலவைமேசை:

90 நொடிக் காட்சிக்கு வருவோம். முதலில் கடிகாரம், பிறகுதான் வாத்தியம்.

செய்தி 35ஆவது நொடியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 82 பிபிஎம்மில் 48 தட்டு, அதாவது 12 பார், 35.1 நொடி. கச்சிதமாக உட்காரும். இந்தப் பகுதிக்கு பியானோவோ கிட்டாரோ போதும், நடு ஸ்தாயியில். மெட்டை முழுசாகச் சொல்லிவிடாதீர்கள். கடைசி பாரில் முடிவுச் சுரத்துக்கு முந்தியதில் நிறுத்துங்கள். மனம் அடுத்ததை எதிர்பார்த்துக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்கே உடல் எதிர்வினை உண்டு: 2011இல் சாலிம்பூரும் குழுவினரும் மூளையைப் படமெடுத்தபோது, சிலிர்ப்பு வருவதற்கு முந்தைய நொடிகளில் மூளையின் ஒரு பகுதியிலும், சிலிர்க்கும் கணத்தில் வேறொரு பகுதியிலும் டோபமைன் வெளிப்படுவது தெரிந்தது.

பிறகு மௌனம், 3 நொடி. காகிதச் சத்தமும் மூச்சும் மட்டும். இங்கேதான் எல்லோரும் தப்பு செய்வார்கள்: கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பாத்திரத்துக்குத் தெரியும் முன்பே வயலின் அழத் தொடங்கிவிடும். இசை முந்தினால் பார்ப்பவர் உணர்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

இழப்புப் பகுதி 56 பிபிஎம், 36 தட்டு, 38.6 நொடி. மீதமுள்ள 13 நொடியோ அதற்குக் கொஞ்சம் கூடவோ ஒலி தேய்ந்து முடிய விடுங்கள். வாத்தியம் செல்லோ, தனியாக. வயலின் குழு வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒவ்வொருவரின் சுருதியும் நடுக்கமும் கொஞ்சம் விலகி ஒலி அகலமாகும், பிரம்மாண்டம் வரும், ஒருவரின் குரல் என்ற உணர்வு போய்விடும். இழப்பு ஒருவருக்கு நேர்கிறது, ஒரு குரல் போதும்.

முதல் பகுதியின் அதே மெட்டைத்தான் கொடுங்கள், புது மெட்டு வேண்டாம். ஒவ்வொரு வரியின் முக்கியச் சுரத்துக்கும் முன்னால், அதற்கு மேல்சுரத்தைத் தட்டின் மேல் வைத்து, ஒரு தட்டு தாமதித்து இறக்குங்கள். கேட்பவர்களுக்குக் கண்ணீர் வந்த இடங்களை 1991இல் உளவியலாளர் ஸ்லோபோடா சேகரித்தபோது இந்த வகைத் தாமத இறக்கம் அடிக்கடி அகப்பட்டது. சிலிர்ப்பு வந்த இடங்களிலோ எதிர்பாராத சுரக்கூட்டு மாற்றம் இருந்தது.

கீபோர்டில் செல்லோ செத்துப்போய்க் கேட்பதற்கு வழக்கமான காரணங்கள்:

நடுக்கம் முதல் கணத்திலிருந்தே ஓடுவது. வைப்ரேட்டோ நொடிக்கு 5-6 முறை இருக்கட்டும், ஆனால் நீண்ட சுரத்தில் முதல் 300-400 மில்லிநொடி நேராக நின்று, பிறகு நடுங்கத் தொடங்கட்டும். சாம்பிளிலேயே நடுக்கம் பதிவாகியிருந்தால் வேறு சாம்பிள் தேடுங்கள், வேறு வழியில்லை.

சத்தம் மட்டமாக இருப்பது. எக்ஸ்பிரஷன் எனப்படும் 11ஆம் எண் கண்ட்ரோலரைக் கையால் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். 50இல் தொடங்கி, சுரத்தின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் 90, முடிவில் 40. பென்சிலால் கோடு வரைந்தால் கோடு மாதிரிதான் கேட்கும்.

குவாண்டைஸ், அதாவது சுரங்களைத் தானாகத் தட்டில் பொருத்துவது. தட்டோடு நூறு சதம் ஒட்டியிருந்தால் இயந்திரம். சோகப் பகுதியில் சுரங்களைத் தட்டுக்கு 10-20 மில்லிநொடி பின்னால் விடுங்கள்.

ரிவெர்ப் (எதிரொலி) ஏற்றி உணர்ச்சியைக் கூட்டப் பார்ப்பது. 56 பிபிஎம்மில் 2.5 நொடி வால் தாங்கும். முதல் பகுதியின் 82 பிபிஎம்மில் அதே வால் சுரக்கூட்டுகளைக் குழப்பிவிடும், அங்கே 1.2 நொடிக்கு மேல் வேண்டாம்.

மேலே கடிதம் வாசிக்கும் குரல் வந்தால், இசையைக் குரலைவிட 15 முதல் 20 டெசிபல் கீழே வையுங்கள். சொல் தெளிவுக்கு 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் முக்கியம். வயலினும் குழலும் அங்கேதான் வந்து மோதும். செல்லோவைத் தேர்ந்தெடுக்க இது இரண்டாவது காரணம்.

மெட்டுக்கட்டி:

நன்றி. செவிநுட்பம் சொன்னது சரி, செல்லோவை ஒரு ஸ்தாயி இறக்கித்தான் வைத்திருந்தேன். அதே ஸ்தாயியில் வைத்தால் கனம் பாதியாகிவிட்டது. டிரம்பெட் வெலாசிட்டி 45இல் நம்பவே முடியவில்லை. 132 பிபிஎம் சோதனையும் பலித்தது.

இரண்டு சந்தேகம்: ஹெட்ஃபோனில் இருக்கும் செல்லோவின் கனம் போன் ஸ்பீக்கரில் காணாமல் போகிறது. பத்துப் பேரிடம் போட்டுக் காட்டி எது வேலை செய்கிறது என்று முடிவு செய்யலாம் என்றால் எப்படிக் கேட்பது? 432க்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

அளவுகோல்:

432 முதலில். 440க்கும் 432க்கும் உள்ள இடைவெளி சுமார் 32 சென்ட் (ஒரு சென்ட் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு), அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. 440 என்பது 1939இல் லண்டன் மாநாட்டில் ஒப்புக்கொண்ட எண், அதற்கு முன் பிரான்ஸ் 1859இல் 435 என்று சட்டமே போட்டது. ஒவ்வொரு காலத்துக்கும் ஊருக்கும் ஒரு சுருதி இருந்திருக்கிறது, எதிலும் தனி மருந்து இல்லை. பதிவை அப்படியே மெதுவாக ஓட்டி இறக்கினால் வேகமும் 1.8 சதம் குறையும். நமக்குத்தான் பாடுபவரின் குரலுக்கு ஏற்ப சுருதியை மாற்றிக்கொள்வது பழக்கமாயிற்றே, யோசித்துப் பாருங்கள்.

போன் ஸ்பீக்கர்: செல்லோவின் கடைசித் தந்தி 65 ஹெர்ட்ஸ். அந்தச் சின்னப் பெட்டி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. மேற்சுரங்களை வைத்துக் காது அடிச்சுரத்தின் பெயரைக் கண்டுபிடித்துவிடும், ஆனால் நெஞ்சில் படும் கனம் வராது. மெல்லிய சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைப்பது) கொடுத்து மேற்சுரங்களைக் கூட்டுங்கள், அல்லது அதே வரியை ஒரு ஸ்தாயி மேலே வயோலாவில் (வயலினுக்கும் செல்லோவுக்கும் இடைப்பட்ட வில் வாத்தியம்) 10 டெசிபல் குறைவாகச் சேருங்கள். சத்தம் குறைத்துக் கேட்டாலும் முதலில் காணாமல் போவது கீழ்ச்சுரம்தான், 1933லேயே ஃபிளெட்சரும் முன்சனும் அளந்து சொன்ன விஷயம். ஆகவே மிக்ஸை ஒருமுறை மெல்லிய சத்தத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சோதனைக்கு: எல்லா வடிவங்களையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள், 1 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். சத்தம் கூடியது எதுவோ அதுதான் நன்றாக இருக்கிறது என்பார்கள். எது எந்த வாத்தியம் என்று சொல்லாதீர்கள், ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றுங்கள், நடுவே அரை நிமிடமாவது இடைவெளி கொடுங்கள். முந்தையது அடுத்ததன் மேல் சாயம் ஏற்றும்.

‘சோகமாக இருக்கிறதா?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில் 1 முதல் 9 வரை இரண்டு அளவு கேளுங்கள்: இதமா இதமில்லையா என்று ஒன்று, அடக்கமா பரபரப்பா என்று இன்னொன்று. பிறகு ‘இந்த இசை என்ன சொல்கிறது’, ‘உங்களுக்கு என்ன ஆகிறது’ என்று தனித்தனியாக. இரண்டும் ஒன்றல்ல. சோக இசையைக் கேட்டுக்கொண்டே சுகமாக இருப்பவர்கள் ஏராளம். பழைய நினைவு ஏதாவது வந்ததா என்றும் கேட்டுவிடுங்கள். ஆமாம் என்றவர்களின் பதிலைத் தனியே வையுங்கள், அங்கே பேசுவது உங்கள் மெட்டு இல்லை, அவர்கள் வாழ்க்கை. இரண்டு அளவிலும் எல்லாவற்றுக்கும் நடு எண்ணையே போடுகிறவர் ஒருவர் அகப்பட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். காது நன்றாகக் கேட்டும் இசையால் மட்டும் மனம் அசையாதவர்கள் நூற்றில் சிலர் இருக்கிறார்கள்.

மெட்டுக்கட்டி:

வயோலாவைச் சேர்த்தேன், போனிலும் நிற்கிறது. 10 டெசிபல் குறைவு போதவில்லை, வயோலா முன்னால் வந்து நின்றது. 14க்கு இறக்கியிருக்கிறேன்.

கலவைமேசை:

14 சரி. வயோலாவின் அட்டாக்கை 80 மில்லிநொடிக்குத் தள்ளிவிடுங்கள், செல்லோவின் வில் முதலில் படட்டும். தனி ஆளாகவே கேட்கும்.